அபரஞ்சி வகையில் பாக்கி

யாளி மார்க் இசைத்தட்டுக் கம்பெனி
பாட்டில் தொடங்கவில்லை,
வராக் கடனில் தொடங்கியது.

மோல்மேனில் ஒரு மரக்கடைக்காரன்
வட்டிக்கு வழியில்லாமல்
நூற்றுப்பத்து மூட்டை அரக்கைக் காட்டினான்.
கடையின் மேலாள் காரைக்குடிக்கு எழுதிக் கேட்டார்:
அரக்கை வைத்து என்ன செய்ய?
பெ.சா. ஏகப்பச் செட்டியாரின் பதில் ஒரே வரி:
விற்காததைப் பாட வை.

கடிதம் என் மேசையில்தான் இருக்கிறது.
ஓரமெல்லாம் கரையான் தின்றுவிட்டு
உச்சியில் சிவமயத்தை மட்டும்
விட்டு வைத்திருக்கிறது.

முப்பத்து மூன்றில் செக்காலைச் சாலையில் போர்டு.
பாடுவது சென்னையில், அச்சு கல்கத்தாவில்,
கணக்கு மட்டும் இங்கே.
லேபிளுக்கு யாளி வரைந்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள்.
அச்சாகி வந்தது நாய் மாதிரி இருந்தது.
இருக்கட்டும், என்றார் செட்டியார்,
சந்தையில் நாய்தான் ஓடுகிறது.

மூன்றாம் வருஷப் பேரேடு, அறுபத்தோராம் பக்கம்:
கோவிலூர் அபரஞ்சி, இரண்டு பக்கமும் பாடிய வகையில்
பேசியது ரூ. 30-0-0
ரொக்கம் 20-0-0
சேலை ஒன்று, கிரயம் 2-8-0
பாக்கி 7-8-0

அந்தத் தட்டு பன்னிரண்டாயிரம் விற்றது.
பினாங்கில் ஒரு ஏஜெண்டு
தந்தியடித்துக் கேட்டார் இன்னும் ஐந்நூறு.
வருஷ முடிவில்
7-8-0 பின்பக்கம் எடுத்துச் செல்லப்பட்டது.

ரங்கூன் விழுந்தது. அரக்கு நின்றது.
புதுத் தட்டு ஒன்று வேண்டுமென்றால்
பழசு இரண்டு கொண்டு வா.
உடைசலை மூட்டையில் எடை போட்டு ரயிலேற்றினார்கள்.
தாலாட்டும் தெருக்கூத்தும்
ஒரே கொப்பரையில் இளகின.
அப்படி வார்த்த நகைச்சுவைத் தட்டு ஒன்றில்
ஊசி வைத்ததும் யாரோ ஒரு பெண்
மூச்சை இழுப்பது கேட்கிறது என்று
திருச்சிக் கடைக்காரர் புகார் எழுதியிருக்கிறார்.
கம்பெனி பதில்: அது கீறல்.

ஐம்பத்தெட்டில் பாகப்பிரிவினை.
மூத்தவர் சேவுகனுக்குக் கட்டடம்.
இளையவர் சாத்தையாவுக்குப் பெயரும் நாயும்.
நடுவில் வயிரவன் வாயே திறக்கவில்லை,
தாமிர அச்சு நானூற்று முப்பதை
அவர் பக்கம் எழுதிவிட்டார்கள்.
அடுத்த வைகாசியில் மகள் சிகப்பிக்குக் கல்யாணம்.
எடைக்குப் போன அச்சு
தவலையாக, அண்டாவாக, குடமாகத் திரும்பி வந்தது.
கூடம் முழுக்கப் பரப்பியிருந்த சாமானில்
எது தோடி, எது காம்போதி?
மாப்பிள்ளை வீட்டார் தட்டிப் பார்த்து
கனம் சரிதான் என்றார்கள்.

பெயரைப் பம்பாய்க்காரர் வாங்கிக் கேசட் போட்டார்.
அவரை ஒரு பிஸ்கட் கம்பெனி வாங்கியது,
பிஸ்கட்டைச் சிங்கப்பூர் வாங்கியது.
பத்திரம் ஒவ்வொன்றிலும் அதே வாசகம்:
உள்ளது உள்ளபடி, கொடுபடவேண்டியது உட்பட.
அணா ஒழிந்த வருஷம்
யாரோ பச்சை மசியில் திருத்தியிருக்கிறார்: 7.50.
பதிவு முகவரியை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை.
கீழே இப்போது மொபைல் ரீசார்ஜ்.

நான் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்தவன்.
இந்த முறை வாங்குகிறவர் யாரென்று
எனக்குச் சொல்லவில்லை.
அபரஞ்சியின் மூன்று நிமிஷம்
ஏதோ கார் விளம்பரத்துக்கு வேண்டுமாம்,
அதற்காகக் கம்பெனியையே எடுக்கிறார்களாம்.

லேப்டாப்பில் தொகையெல்லாம் லட்சத்தில்.
ஏழரை ரூபாய் 0.00 என்று விழுகிறது.
இடதுபக்கம் முழுப் பெயர்,
எதிரே வருஷத்துக்கு ஒரு சுழியம்.

சென்னையிலிருந்து மானேஜர் கூப்பிட்டார்.
"ஒண்ணுமில்லாத வரி எதுக்குய்யா, தூக்கிடு."

"தூக்கினா கூட்டல் உடைஞ்சிடும் சார்."

பொய்.
ஒன்றும் உடையாது.

கரண்ட் போய் வந்தது.
சேவ் ஆகியிருந்ததா என்று பார்த்தேன்.